தையல் இல்லாத கண்

இயேசு மரி சூசை

விடத்தல்தீவு,
வெள்ளிக்கிழமை காலை.

கனடாவில் இருக்கும் அன்பு றெஜினா அக்காவுக்கு, தங்கை அருள்நாயகி கண்ணீரோடு எழுதுவது.

மடுத்தாயாரின் கிருபையால் நீங்களும் அத்தானும் அந்தப் பனிக்குள்ளேயும் சுகமாக இருப்பீர்கள். நாங்களும் சுகம் என்று எழுதினால் அது பொய். பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிவரும்.

போன திங்கட்கிழமை இவருக்குக் கண்புரை ஒப்பரேசன் நடந்தது. அம்மாவுக்குச் செய்தபோது நீங்கள் பார்த்த பக்குவம் முழுவதும் என் கொப்பியில் எழுதியிருக்கிறது: தலைக்கு இருபக்கமும் மணல் பை, கஞ்சி மட்டும், தும்மக்கூடாது, கதைக்கக்கூடாது, நாற்பது நாள் தலைமுழுக்கு இல்லை. அதன்படி கடற்கரை மணலைக் கழுவிக் காயவைத்துப் பை தைத்தேன், நாற்பது நாள் ஜெபமாலைக்கு நாளுக்கொன்றாய் நாற்பது வீடு பிடித்தேன். இவர் உள்ளே போய், நான் ஜெபமாலையில் மூன்றாம் தேவ இரகசியம்கூட முடிக்கவில்லை, கறுத்தக் கண்ணாடியோடு நடந்து வந்து, “அருள், தேத்தண்ணி கொண்டந்தனியே?” என்கிறார்! ஊசி இல்லை, தையல் இல்லை, கட்டு இல்லை. சொட்டு மருந்து விட்டு விறைக்க வைத்தார்களாம். “வாய் திறவாதேங்கோ!” என்று அதட்டிவிட்டு டொக்டரிடம் போனேன்.

“ஐயா, எடுத்த புரையைக் காட்டுங்கோ. எங்கட அம்மான்ர புரையைப் போத்தலில போட்டுத் தந்தவை.”

“இப்ப அப்பிடி இல்லையம்மா. காதுக்குக் கேளாத ஒலியால உடைச்சு உறிஞ்சி எடுத்தாச்சு. சுருட்டின வில்லை ஒண்டை உள்ளுக்க வைச்சம், அது தானா விரியும்.”

சுருட்டி விரிக்கக் கண் என்ன மடுத் திருவிழாக் கூடாரமா அக்கா? கேளாத ஒலி உடைக்குமென்றால், முப்பத்தெட்டு வருடமாக என் சொல் இவருக்குக் கேளாததுதானே, அது இவரிடம் எதை உடைத்தது? ஒப்பரேசன் நடக்கவேயில்லை, ஏமாற்றிவிட்டார்கள். இருந்தாலும், முதலில் மங்கியது வலக்கண்தானே, அதில் நானே கட்டுப் போட்டு, நாளுக்கு நாலு தரம் மருந்து விட்டுக் கொப்பியில் பதிந்து, மணல் பைக்கு நடுவில் கிடத்தியிருக்கிறேன். பாவம், இடக்கண்ணைக் காட்டிக் காட்டி முனகுகிறார். அதுவும் போகிறதாக்கும். “கையை எடுங்கோ!” என்று தட்டிவிடுகிறேன். கண் போனால் எங்கள் மீன்பிடி வள்ளத்தை ஆர் பார்ப்பது? பழைய மாதிரி வெட்டித் தைக்கிற டொக்டர் அங்கே இருந்தால் விசாரித்து எழுதுங்கள்.

மாதா உங்கள் இரு கண்களையும் காப்பாராக. அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் தோத்திரம்.

இப்படிக்கு,
அருள்நாயகி பெனடிக்ற்

பி.கு.: தபாலில் போடமுன் கிளினிக் போய் வந்தோம். ஒப்பரேசன் செய்தது இடக்கண். என் கொப்பியில் பதினாறு வேளை மருந்தும் வலக்கண்ணுக்கு. “சொல்ல வெளிக்கிட்டனான், நீயல்லோ கதைக்க விடேல்லை!” என்று டொக்டருக்கு முன்னால் கத்தினார். இடக்கண்ணால் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரிவரை வாசித்தார், மாதா காப்பாற்றினார். டொக்டரைப் பற்றி எழுதியதை வெட்டிவிடுங்கள். பிறகு அவர் என் கண்ணையும் பார்த்தார். எனக்கு இரண்டிலும் புரையாம், அடுத்த மாதம் திகதி. இவர் இப்போது மணல் பைகளை வெயிலில் காயவைத்துவிட்டு, என் கொப்பியை உரக்க வாசிக்கிறார்: “நாற்பது நாள், அருள். கதைக்கப்படாது.”