தண்ணி எறங்குது

நீளமாக ஜெபம் பண்ணுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் பயமாக இருக்கிறது. அவர்களுடைய பக்தியில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னைப்போல அவர்களும் கடலை மறந்துவிடுவார்களோ என்றுதான் பயம். நானும் ஒரு காலத்தில் அந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்தவன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் நற்செய்திக் கன்வென்ஷன் பந்தல்களில் பெரிய போதகர்கள் ஜெபத்துக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடும். ஜெபத்தின் நீளம்தான் விசுவாசத்தின் ஆழம் என்று அரைக்கால் சட்டை வயதிலேயே நான் முடிவு கட்டியிருந்தேன்.

அப்பாவுக்கு போர்ட் பிளேரில் பொதுப்பணித்துறை குமாஸ்தா வேலை. படகுத்துறையை ஒட்டிய ஜங்லிகாட் பேட்டையில் வீடு. எழுபதுகளின் தொடக்கம் அது. தீவில் கல்லூரி வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னால் டிகிரி வேண்டுமென்றால் கப்பல் ஏறி மெயின்லேண்டுக்குத்தான் போக வேண்டும். கல்லூரியில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி, தமிழன் என்று எல்லா வகையும் இருந்தோம். எல்லோரும் அவரவர் பாஷையின் ராகத்தில் ஹிந்தி பேசினோம்.

அங்கே படிக்கிறவர்களுக்காக எங்கள் சபைக் கோயிலில் நான் மாணவர் ஐக்கியம் என்று ஒரு ஜெபக்கூட்டம் நடத்தினேன். தலைவர், செயலாளர், பேச்சாளர் எல்லாம் நான். உறுப்பினர் எஸ்தர். லம்பா லைன் என்ற பக்கத்துப் பேட்டையிலிருந்து வருவாள், என்னைவிட ஒரு வகுப்பு கீழே. மூன்றாவது நபர் எஸ்தரின் அம்மா. ஆரம்பப் பள்ளி டீச்சர். மகளைத் தனியாக அனுப்ப முடியாது என்பதால் வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டு திருத்துவார். (மாணவர் ஐக்கியத்தில் மூன்றில் ஒரு பங்கு தாய்மார் சங்கமாக இருந்தது.) போதகர் ஐயா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஐக்கியம் என்றால் கொஞ்சம் ஆட்கள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று மெதுவாகச் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. கல்லூரியையே கூட்டிவந்து காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தேன்.

வழி காட்டியவன் பிமல். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பம் அவனுடையது. அரசாங்கம் கொடுத்த நிலத்தில், ஊரை ஒட்டிய சின்ன விரிகுடாவுக்கு அக்கரையில் ஒரு குடியேற்றக் கிராமத்தில் இருந்தார்கள். அவனுடைய வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிக்னிக் வைத்துக்கொள்ளலாம், இளநீரும் மீனும் அப்பா பார்த்துக்கொள்வார் என்றான். பாட்டும் சிறு செய்தியும் உண்டு என்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன். என்னுடைய ஊரில் ‘சிறு’ என்பது எவ்வளவு பெரியது என்பதை மட்டும் சொல்லவில்லை. மீன் என்றதும் பத்துப் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

மணி மட்டும் தயங்கினான். என்னுடைய நெருங்கிய சிநேகிதன். அவனுடைய அப்பாவுக்கு அபர்டீன் பஜாரில் பாத்திரக்கடை, சொந்த ஊர் மதுரைப் பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் அவனுக்கு மெட்ராஸ் கப்பல். ஊரில் அக்காவுக்குக் கல்யாணம். பெற்றோர் முந்தின கப்பலிலேயே போய்விட்டார்கள். பரீட்சைக்காக இவன் தங்கியிருந்தான். மணவறையில் அக்கா கையில் பொரி போட அவளுக்கு இருந்த ஒரே தம்பி இவன்தான். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று கப்பல் கம்பெனிக்கே தெரியாத காலம் அது.

“கப்பல் சாயந்தரம்தானலே, மத்தியானமே திரும்பிருவோம்,” என்றேன்.

“எங்கக்கா விஷயம்டா. விளையாடாத,” என்றான்.

“உன் பிரயாணத்துக்கு விசேஷமா ஜெபம் பண்ணி அனுப்புறேன்.”

அவன் என் முகத்தைப் பார்த்தான், சரி என்றான். பெட்டியைத் துறைமுகத்தில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு, கல்யாணத்துக்குத் தைத்த புது டெரிலின் பேன்ட்டோடு நேராக ஜங்லிகாட்டில் படகுக்கு வந்துவிட்டான். சிநேகிதன் கூப்பிட்டான் என்பதைத் தவிர அவன் வர வேறு காரணமே இல்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும்.

படகு என்றால் இன்ஜின் வைத்த சின்ன மரப்படகு, தீவில் டோங்கி என்பார்கள். ஓட்டியவர் பவுலுஸ் பாய்; ஹிந்தியில் பாய் என்றால் அண்ணன். ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்து, பிறகு படகுக்கு மாறியவர். நல்ல கிறிஸ்தவர். கிறிஸ்தவரே ஓட்டினால் பயணத்துக்கு ஆசீர்வாதம் என்று தேடிப் பிடித்து அமர்த்தியவன் நான். (இந்த வரியை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.)

கிராமத்துக்குப் போக, அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து போகும் ஓர் ஓடை வழி. கடலில் நீர் ஏறியிருக்கும்போதுதான் அதில் படகு போகும். வற்றிவிட்டால் வெறும் சேறு. இறங்கும்போதே பவுலுஸ் பாய் ஹிந்தியில் தெளிவாகச் சொன்னார்: நான் வந்து கூப்பிட்டதும் எழுந்துவிட வேண்டும், கடல் யாருக்கும் காத்திருக்காது. நான் தலையாட்டினேன். என் மனசு அப்போது பிரசங்கத்தின் மூன்றாம் பகுதியில் இருந்தது.

எங்கள் வீட்டுப் பழைய போட்டோக்களில் என்னைப் பார்த்தால் அன்றைய கோலம் புரியும். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, அப்பாவின் டை. அந்த வெயிலில், தென்னந்தோப்பு நடுவில், கோழிகள் மேயும் முற்றத்தில் டை. பாட்டு நன்றாகவே போயிற்று. எஸ்தர் ஆர்மோனியம் வாசித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள்கூட வந்து நின்றார்கள். பிமலின் அம்மா போட்ட சோறும் மீன்குழம்பும் என் வாழ்நாளில் மறக்காது. பிறகு நான் பேசினேன். அதிகம் பேசவில்லை, இருந்த மூன்று பகுதிகளையும் பேசினேன். கடைசியாக, மணியின் பயணத்துக்காக ஜெபிப்போம், எல்லோரும் எழுந்து கண்களை மூடுங்கள் என்றேன்.

எல்லோரும் மூடினார்கள். பிமலும் அவனுடைய அப்பாவும்கூட, விருந்தாளிகளின் சாமிக்கு மரியாதையாகக் கைகூப்பிக் கண்ணை மூடினார்கள்.

நான் தொடங்கினேன். முதலில் கப்பலுக்காக. பிறகு கேப்டனுக்காக, அவருடைய குடும்பத்துக்காக. இன்ஜின் அறையில் வேலை செய்கிறவர்களுக்காக. வங்காள விரிகுடா அமைதியாக இருக்க. மெட்ராஸ் துறைமுகத்துக்காக. மதுரை ரயிலுக்காக. மணியின் அக்காவுக்காக, மாப்பிள்ளைக்காக, இரு வீட்டாருக்காக. பொரிக்காகவும் ஜெபித்தேன் என்று மணி இன்றைக்கும் சாதிக்கிறான், நான் மறுக்கிறேன். அங்கிருந்து தீவுகளுக்கு வந்து, வடக்கிலிருந்து ஒவ்வொரு தீவாக இறங்கினேன். சமுத்திரத்தைச் சிருஷ்டித்ததற்காகக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். அந்தச் சமுத்திரம் அப்போது எனக்குப் பின்னால் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

பவுலுஸ் பாய் எங்களைக் கூப்பிட வந்தது அப்போதுதான். முற்றத்தின் ஓரத்தில் வந்து பார்த்தார். ஜெபம் நடக்கிறது. வேறு யாராக இருந்தாலும் “பாபு, சலோ” என்று ஒரு சத்தம் போட்டிருப்பார்கள். அவர் நல்ல கிறிஸ்தவர் ஆயிற்றே, ஜெபத்தைக் குறுக்கே மறிப்பாரா? தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, தலைகுனிந்து நின்றுவிட்டார்.

கண் திறந்திருந்த ஒரே ஆள் எஸ்தர். ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஓடையைப் பார்த்தபடி நின்றவள். படகு மெல்லச் சாய்வது அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் சேலையை இழுத்தாள். டீச்சர் கண்ணைத் திறக்காமலே அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். நான் கார் நிக்கோபாரைத் தாண்டி அடுத்த தீவுக்குப் போக மூச்சு இழுத்தேன். அந்த மூச்சின் இடைவெளியில் எஸ்தர் பலமாக, “ஆமென்” என்றாள்.

ஆமென் என்றால் ஆமென்தான். பவுலுஸ் பாய் முழு மனதோடு ஆமென் என்றார். மொத்தக் கூட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது. நான் நடுக்கடலில் நின்றேன். எஸ்தர் என்னைப் பார்த்து, மெதுவாக, “அண்ணாச்சி, தண்ணி எறங்குது,” என்றாள்.

ஓடிப் போய்ப் பார்த்தால் ஓடையில் பாதி இல்லை. படகு சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தது. ஆழமான தண்ணீர் தூரத்து வளைவுக்கு அப்பால் பளபளத்தது. ஜங்லிகாட்டுக்கு அங்கிருந்து தரைவழி கிடையாது. அடுத்த ஏற்றம் வருவதற்குள் கப்பல் போய்விடும். மணி கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

“அக்கா எனக்காகப் பாத்துட்டு இருப்பாடா,” என்றான் கடைசியில், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். கண்ணை மூடி, “ஆண்டவரே...” என்று ஆரம்பித்தேன்.

“இப்ப வேணாம்டா,” என்று மணி எழுந்தான். “தள்ளு.”

தள்ளினோம். பிமல் கிராமத்துக்குள் ஓடிச் சத்தம் கொடுத்தான். அவனுடைய அப்பா கயிறோடு வந்தார். பின்னாலேயே வேட்டியையும் லுங்கியையும் மடித்துக் கட்டிக்கொண்டு கிராமமே இறங்கியது. யாருக்கு நற்செய்தி சொல்ல டை கட்டிப் போனேனோ, அவர்கள் முட்டளவு சேற்றில் நின்று என் படகை இழுத்தார்கள். எவன் யார், எந்தச் சாமி என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரோ ஒரு பையனின் அக்கா கல்யாணம் என்பது போதுமாக இருந்தது. டீச்சர் பாட்டுப் புத்தகங்களைத் தலையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடந்தார். நடந்துகொண்டே மகளிடம், “ஜெபத்துல நீ ஏன் கண்ணத் தொறந்த?” என்று விசாரணையும் நடத்தினார். பாரம் குறைக்க ஆர்மோனியம் என் தலைக்கு வந்தது. கோயில் சொத்து, நனையக் கூடாது. ஒவ்வொரு அடிக்கும் தொடைவரை புதைந்தேன். ஒரு ஷூ அங்கேயே தங்கிவிட்டது. டை மட்டும் கடைசிவரை ஒழுங்காக இருந்தது.

வளைவு தாண்டி படகு மிதந்தபோது கரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் ஏறி, இன்ஜின் பிடித்து, விரிகுடாவுக்கு வந்ததும் கப்பலின் சங்கு கேட்டது. பவுலுஸ் பாய் ஜங்லிகாட்டைப் பார்க்கவே இல்லை, நேராக ஹாடோ துறைமுகத்துக்கு விட்டார். வழியெல்லாம் ஹிந்தியில் முணுமுணுத்தபடி ஜெபித்தார். அவர் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்ததை நான் கவனித்தேன். ஒரு கை சுக்கானில் இருந்தது.

ஏணியை எடுக்கப் போகிற நேரம். சித்தப்பா பெட்டியோடு அழும் நிலையில் நின்றார். கப்பல் ஊழியர் மணியை மேலும் கீழும் பார்த்தார். இடுப்புக்குக் கீழே டெரிலின் எது, சேறு எது என்று தெரியவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். அக்காவுக்குக் கல்யாணம் என்றான். அவர் வழிவிட்டார். மேல் தளத்துக்குப் போனதும் மணி கம்பியைப் பிடித்துக் குனிந்து, துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

“சாமு, இனிமே எனக்காக ஜெபம் பண்ணாதடா. நான் ஊர் போய்ச் சேரணும்.”

பொரி போட்டான். நல்லபடியாகத் திரும்பி வந்தான். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே ஐக்கியத்துக்கு வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தான். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை போட்ட கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்து, “மணி பாக்க ஆள் வேணும்ல, ஆரம்பி,” என்றான். அவனைத் தொடர்ந்து பிமல் வந்தான். சேற்றில் தள்ளியவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கத்தான் முதலில் வந்தார்கள், பிறகு பழகிவிட்டது. போதகர் ஐயா பெஞ்சு கூடப் போட வேண்டியதாயிற்று. சிலர் விசுவாசத்துக்கு வந்தார்கள், சிலர் வரவில்லை. மணி வரவில்லை, ஆனால் ஐக்கியத்துக்கு வராமல் இருந்ததும் இல்லை. கர்த்தர் எனக்குக் கொடுத்தவற்றை எண்ணும்போது முதல் வரிசையில் அவன் பெயரைத்தான் வைக்கிறேன்.

சில வருஷம் கழித்து அப்பா எஸ்தரைப் பெண் கேட்டுப் போனபோது டீச்சர் என் சம்பளத்தை விசாரிக்கவில்லை. “மாப்பிள்ளை இன்னும் நீளமா ஜெபிக்காரா?” என்று மட்டும் கேட்டார். அன்றுமுதல் எங்கள் வீட்டில் யார் ஜெபம் நீண்டாலும், சாப்பாட்டு மேஜையில் ஒரு குரல் வரும், தண்ணி எறங்குது என்று. பிள்ளைகள் சொன்னார்கள். இப்போது பேரப்பிள்ளைகள், அந்த ஓடையைப் பார்க்காதவர்கள், சொல்கிறார்கள். நானும் இரண்டே வாக்கியத்தில் முடிக்கப் பழகிவிட்டேன்.

போன வருஷம் மணிக்கு இருதய ஆபரேஷன். (இப்போது நன்றாக இருக்கிறான், இதை எழுதச் சொன்னதே அவன்தான்.) ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகுமுன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரு ஜெபம் பண்ணு என்றான். வழக்கம்போல இரண்டு வாக்கியம் சொல்லி ஆமென் என்றேன். அவன் கண்ணைத் திறந்து பார்த்தான்.

“இவ்வளவுதானாடா?” என்றான். “இன்னைக்கு எனக்குக் கப்பல் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் நீட்டியே பண்ணு.”

மறுபடியும் கண்ணை மூடினேன். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்த ஊழியர் கதவோரத்தில் தலைகுனிந்து நின்றதாகப் பிறகு சொன்னார்கள். நான் டாக்டரில் தொடங்கி, நர்சுகள், அவர்களுடைய குடும்பங்கள், மணியின் அக்கா, அவளுடைய பேரப்பிள்ளைகள் என்று போய், ஒவ்வொரு தீவாக இறங்கினேன். எஸ்தர் என் பக்கத்தில்தான் நின்றாள். கடைசிவரை அவள் ஆமென் சொல்லவே இல்லை.