ஆடாத மட்கார்டு

என் கண் முன்னால் எதுவும் ஆடக் கூடாது. இது என் கொள்கை. நான் நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளன். பெரிய பெரிய மோட்டார்கள் உறுமுகிற இடத்தில் குழாய்கள் ஆடாமல் இறுக்கிக் கட்டி வைப்பதுதான் என் உத்தியோகம். நான் கட்டிய குழாய் ஒன்றுகூட இதுவரை அசைந்ததில்லை. வீட்டிலும் அப்படித்தான். நாற்காலி ஆடினால் ஆணி அடிப்பேன். மேஜை ஆடினால் முட்டுக் கொடுப்பேன். என் மாமனார் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவார். பெரியவராயிற்றே என்று அவரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட என்னிடம் ஒரு கார் வந்து சேர்ந்தது. ஓடி வரவில்லை, பெட்டி பெட்டியாக வந்தது. பாகங்களைக் கம்பெனிக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள். பூட்டிக்கொள்வது நம் சாமர்த்தியம். பழைய பந்தயக் கார் ஜாடை. கூரை கிடையாது. முன் சக்கரம் இரண்டும் உடம்பைவிட்டு வெளியே தனியாக நிற்கும். சைக்கிளுக்கு இருக்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரத்துக்கும் தலைக்கு மேல் தனி மட்கார்டு. அதைத் தாங்குவதற்குக் கம்பெனிக்காரன் கொடுத்திருந்தது சுண்டுவிரல் தடிமனில் இரண்டு கம்பி. தொட்டால் போதும், குளிர் ஜுரம் வந்த மாதிரி மட்கார்டு நடுங்கியது.

கார் வந்த நாளிலிருந்து எங்கள் முற்றத்து ஷெட் அதற்குத்தான். என் மனைவி தையல் வேலை செய்கிறவள். அவள் தைத்த திரைச்சீலை தொங்காத ஜன்னல் எங்கள் தெருவில் இல்லை. அவளுடைய மெஷினோ படுக்கையறைக்கும் குளியலறைக்கும் நடுவில் உள்ள சந்தில் இருந்தது. குளிக்கப் போகிறவர் வயிற்றை எக்கிக்கொண்டு போக வேண்டும். ஷெட்டைக் கொடுங்கள் என்று அவள் கேட்பாள். கார் முடியட்டும் என்று நான் சொல்வேன்.

ஒரு நாள் சாப்பிடும்போது அறிவித்தேன்.

"கம்பெனிக்காரனுக்கு மூளையே இல்லை. மட்கார்டு தாங்கியைக் கொண்டுபோய்ச் சக்கரத்தோட சேத்துப் பூட்டச் சொல்லியிருக்கான். சக்கரம் ஆடற சாமான். அதுல பூட்டினா ஆடாம என்ன செய்யும்?"

"நீங்க எதுல பூட்டப் போறீங்க?"

"வண்டியோட சட்டத்துல! அசையவே அசையாத இரும்புச் சட்டத்துல. என் கையால தாங்கி செய்யப் போறேன். தண்ணிக் குழாய் தடிமன்ல. யானை ஏறி உக்காந்தாலும் ஆடாது."

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

"ஏங்க, காரு திரும்பும்போது சக்கரம் திரும்புமே. மட்கார்டு?"

நான் சிரித்தேன். எவ்வளவு அழகாகச் சிரித்தேன் என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

"சக்கரம் அதுபாட்டுக்குத் திரும்பும். மட்கார்டு அதுபாட்டுக்கு நிக்கும். உனக்கு ஊசி நூல் தெரியும், எனக்கு இரும்பு தெரியும்."

அவள் என் தட்டில் இன்னொரு அப்பளம் வைத்தாள். அந்த அப்பளத்தைக் கண்டு நான் உஷாராகியிருக்க வேண்டும். மாறாக, இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன்.

"சரி, ஒரு பந்தயம். ஞாயித்துக்கிழமை வண்டியை வெளிய எடுக்கறேன். மட்கார்டு ஒரு நூல் ஆடினாலும் ஷெட் உனக்கு. ஆடலைன்னா ஆயுசுக்கும் எனக்கு" என்றேன்.

"ஆடுதா ஆடலையான்னு எனக்கு என்னங்க தெரியும்? அது எவ்வளவு வேணா ஆடிட்டுப் போகட்டும். நீங்க தெருவை ஒரு சுத்துச் சுத்தி வாசலுக்கு வந்துட்டீங்கன்னா ஷெட் உங்களுது. வரலைன்னா எனக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நெஜமா?"

"எதிர் வீட்டு அண்ணனைச் சாட்சி வெச்சுக்கலாங்க."

எனக்கு அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது. எஞ்சின் தங்கமாக ஓடுகிறது. தெருவைச் சுற்றி வருவது ஒரு பெரிய காரியமா? பால் குடிக்கிற பிள்ளையிடமிருந்து மிட்டாயைப் பிடுங்குகிற மாதிரி ஒரு கூச்சம்கூட வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"போல்ட்டு போட்டுத்தானே மாட்டப் போறீங்க?" என்று கேட்டாள்.

"போல்ட்டா? போல்ட்டு லூசாகும். எல்லாம் வெல்டிங்!"

"ஆமாங்க. நல்லா அழுத்தமா வெச்சிடுங்க."

மனைவி என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும் என்று பூரித்துப்போனேன்.

வேலை தொடங்கியது. அளவு மாறிவிடக் கூடாது என்று சக்கரங்களை நேராக வைத்து, ஸ்டியரிங்கைக் கயிற்றால் கட்டிப்போட்டேன். குழாயை அறுத்தேன், வளைத்தேன், டயருக்கு ஏற்றபடி பட்டை இரும்பை அணைத்துவைத்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. பிறகு மூலைக்கு மூலை முட்டுக் கொடுத்துச் சட்டத்தோடு சேர்த்துப் பற்ற வைத்தேன். முடித்ததும் வலப்பக்க மட்கார்டின் மேல் நானே ஏறி நின்று குதித்தேன். கார்தான் குலுங்கியது. மட்கார்டு அசையவில்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. வெல்டிங் புகை என்று அவளிடம் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கயிற்றை அவிழ்த்தேன். எதிர் வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சாட்சி சொல்வதற்காக அவர் வீட்டு வாசல் கேட்டை விரியத் திறந்துவைத்து நடுவில் நின்றார். என் மனைவி எங்கள் வாசலில் நின்றாள்.

கிளம்பினேன். ஷெட்டிலிருந்து வாசலுக்கு நேர் வழி. ராஜா மாதிரி போனேன். மட்கார்டைப் பார்த்தேன். மலை! தெருவுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினேன்.

கறக் என்றது.

டயர் போய் மட்கார்டின் விளிம்பில் முட்டி நின்றது. வலப்பக்கம் திருப்பினேன். அங்கேயும் கறக். இரண்டு விரல் அளவுக்குமேல் சக்கரம் திரும்ப மறுத்தது. கார் நேராகத் தெருவைக் கடந்து, நேராக எதிர் வீட்டுக்குள் நுழைந்தது. பஸ்காரர் பூந்தொட்டிப் பக்கம் தாவினார்.

"எங்க வீட்டுக்கு வரணும்னா நடந்தே வரலாமே தம்பி!"

"ஒரு நிமிஷம் அண்ணே, பின்னாடி எடுக்கறேன்."

பின்னால் எடுத்தேன். நேராக எங்கள் வாசலுக்கு வந்தது. மறுபடி முன்னால். நேராக அவர் வாசலுக்குப் போனது.

"என்ன தம்பி, தெருவுக்கு இஸ்திரி போடறீங்களா?"

"கொஞ்சம் திரும்ப மாட்டேங்குது அண்ணே."

"கொஞ்சமா? நான் ஓட்டின பஸ்ஸே தேவலை. பிரேக் பிடிக்காதே தவிர, திரும்பும்!"

கடைசியில் பின்னால் எடுத்து எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். ஷெட்டுக்குள் நுழையப் பார்த்தேன். வழியை மறித்துக்கொண்டு அவள் நின்றாள்.

"அங்கயே நிறுத்திடுங்க."

"சரி, தெருவைச் சுத்தலை. ஒத்துக்கறேன். ஆனா மட்கார்டு ஆடிச்சா? நீயே சொல்லு, ஒரு நூல் ஆடிச்சா?"

"ஆடவே இல்லைங்க. உங்க வேலைன்னா வேலைதான்."

அந்த நிலையிலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. என் இரும்பு தோற்கவில்லை. திரும்பத் தெரியாத காருக்கு நான் பொறுப்பல்ல. பஸ்காரரும் நானும் சந்திலிருந்து தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் ஷெட்டில் வைத்தோம். வெளியே வந்து பார்த்தபோது மழைக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கூரை இல்லாத கார், கூரை இல்லாத முற்றத்தில்.

அவள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய துணி மூட்டையைக் கொண்டுவந்து உதறினாள். காருக்கு உறை. கனத்த தார்ப்பாய்த் துணி, ஓரமெல்லாம் இரட்டைத் தையல். மூக்கிலிருந்து வால்வரை கச்சிதமாக உட்கார்ந்தது. இரண்டு மட்கார்டுக்கும் தனித்தனியாக வீங்கிய பை வேறு.

"இதை எப்போ தைச்சே?"

"நீங்க வெல்டிங் வெக்கறதுக்கு முந்தின நாளே முடிச்சிட்டேங்க. கடைசி நேரத்துல அவசரமா தைச்சா தையல் கோணிடும்."