ஒரு நண்பர் தீவு கேட்கிறார்

ரகசியத்தைக் காப்பாற்றுவது அப்படியொன்றும் பெரிய வித்தை இல்லை. அதைப் பற்றி யாரிடமும் யோசனை கேட்காமல் இருந்தால் போதும். இந்த எளிய உண்மை எனக்கு நாற்பது வயதில், நடுக்கடலில் ஒரு தீவில், இளநீர்க் குவியலுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்தபோதுதான் தெரியவந்தது. அதற்குள் எல்லாம் கைமீறிப் போயிருந்தது.

என் அக்கா வசந்தியை ஒரு ‘சொல்தா’ வீட்டில் கட்டிக்கொடுத்தோம். (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பத்தைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் இந்த வார்த்தையைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார்கள்.) கல்யாணம் ஆனதும் மாமா அவளைப் பாரிசுக்குப் பக்கத்தில் ஓர் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே காலத்தை ஓட்டினார்கள். ஒரு ஜனவரியில் மாமா திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். இங்கிருந்து யாரும் போக முடியவில்லை. விசா கிடைக்கவில்லை.

அந்த வருடம் தீபாவளி முடிந்து அக்கா போன் செய்தாள்.

“சேகரு, எனக்கு ஒரு தீவு பாருடா. ஜனவரில பத்து நாள் போயி உக்காரணும். நல்லா வெயில் அடிக்கணும். அமைதியா இருக்கணும். சொந்தக்காரங்க ஒருத்தர் இருக்கக்கூடாது. நீயும் செல்வியும் மட்டும் வாங்க.”

“ஏன்க்கா, நம்ம ஊருக்கே வாயேன்.”

“வந்தா எல்லாரும் துக்கம் கேக்க வருவாங்கடா. கட்டிப்புடிச்சி அழுவாங்க. எனக்கு அழுகையே வரலடா. அவரு போனதுலேர்ந்து ஒரு சொட்டு வரல. இங்க அடக்கத்துக்கு வந்தவங்க கையக் குலுக்கி ‘கூராஜ்’னு சொல்லிட்டுப் போனாங்க. தைரியமா இருன்னு அர்த்தம். நானும் இருந்துட்டேன். அவங்கல்லாம் அழும்போது நான் கல்லாட்டம் உக்காந்திருந்தா இன்னாடா நெனப்பாங்க?”

அம்மா அப்பா போன பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்பது முதலியார்பேட்டையில் என்னுடைய இரண்டு அறை வீடுதான். “விடுக்கா, நான் பாத்துக்கறேன். தீவு எல்லாம் எனக்கு அத்துப்படி” என்றேன். (அதுவரை நான் பார்த்த வெளியூர்கள் திருப்பதி, வேளாங்கண்ணி, ஊட்டி. மூன்றிலும் தீவு கிடையாது.)

அன்று முதல் நான் தீவு ஆராய்ச்சியாளன் ஆனேன். கல்லூரி அலுவலகத்தில் சேர்க்கை விண்ணப்பங்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கணினியில் தீவு தீவாக மேய்ந்தேன். எல்லாத் தீவும் ஒரே மாதிரி இருந்தது. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்ந்த தென்னை மரம், அதில் சாய்ந்த ஒரு பெண்மணி. எது சூடு, எது அமைதி என்று படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது? என் மனைவி செல்வியிடம் கேட்டேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

“நாம மார்கழில கொஞ்சம் குளுகுளுன்னு இருக்காதான்னு வருஷம் பூரா காத்துகினு கெடக்கறோம். வெயிலத் தேடிக் காசு குடுத்துப் போறதுன்னா எனக்கு இன்னா யோசனை சொல்ல வரும்?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை உதித்தது. அம்மா வழிச் சொந்தங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தினமும் காலையில் ரோஜாப்பூவும், மாலையில் மூட்டுவலிக்கு மருந்தும் வரும். துக்க விசாரிப்புத் தாங்காமல் அக்கா அந்த வருட ஆரம்பத்திலேயே அதிலிருந்து விலகியிருந்தாள். ரோஜாப்பூ தாங்காமல் செல்வி அதற்கும் முன்பே விலகியிருந்தாள். அந்தக் குழுவில், ரொம்பத் தந்திரமாக, இப்படிப் போட்டேன்: “ஒரு நண்பர் கேட்கிறார். ஜனவரியில் போக, சூடான அமைதியான தீவு எது?”

குழு விழித்துக்கொண்டது. ஒருவர் ராமேஸ்வரம் என்றார், அதுவும் தீவுதானே. இன்னொருவர் ஸ்ரீரங்கம் என்றார், சுற்றிலும் காவிரி, பெருமாளும் இருக்கிறார். சுண்ணாம்பாற்றுப் படகில் ஏறினால் அந்தப் பக்கமே ஒரு மணல்திட்டு இருக்கிறதே, நண்பருக்கு எதற்கு வீண் செலவு என்று ஒரு அத்தை வருத்தப்பட்டார். மாலத்தீவு என்றதும், அங்கே காலையில் இட்லி கிடைக்குமா என்ற கேள்வியில் விவாதம் இரண்டு நாள் நின்றது. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற சித்தப்பா, காற்று, அலை, முதலை மூன்றையும் பற்றித் தனித்தனியே குரல் பதிவு அனுப்பினார். கடைசியில் அவர் தலைமையில், அந்தமான் பக்கம் ஒரு குட்டித் தீவு ஏகமனதாகத் தேர்வானது. (பெயரைச் சொல்லமாட்டேன். அந்தத் தீவுக்காரர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை.)

குழுவுக்கு நன்றி சொல்லிவிட்டு, அதை ஓசை வராதபடி அடைத்து வைத்தேன். வேலை முடிந்தது பாருங்கள். பொங்கல் விடுமுறையை ஒட்டி மூன்று பேருக்குப் பயணச்சீட்டு போட்டேன். சொந்தங்களுக்கு, செல்வியின் அண்ணன் பெங்களூரில் வீடு கட்டிக் குடிபோகிறார் என்று ஒரு கதை. நடுவில் ஒருநாள் சித்தப்பா போன் செய்தார்.

“சேகரு, பொங்கலுக்கு ஒரு விஷயம்...”

“பெங்களூர் போறோம் சித்தப்பா, தலைக்கு மேல வேலை” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவரை முழுதாகப் பேச விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

சென்னை விமான நிலையத்தில் அக்காவைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பாதியாக இளைத்திருந்தாள். கழுத்தைச் சுற்றி மாமாவின் கறுப்புக் கம்பளித் துண்டு. சென்னை வெயிலிலும் அதைக் கழற்றவில்லை. “குளிருதுடா” என்றாள். நானும் செல்வியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இருவருக்கும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது.

தீவு நான் சொன்னபடியே இருந்தது. (சொன்னது சித்தப்பா. பெருமை எனக்கு.) சத்தம் என்று ஒன்று இருந்தால் அது ஏதாவது ஒரு தேங்காய் விழும் சத்தம். மறுநாள் முழுக்க அக்கா மணலில் ஒரு நாற்காலி போட்டு, முகத்தை வெயிலுக்குக் காட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். மாலையில், “நல்ல எடமாத்தான் பாத்திருக்கடா” என்றாள். நான் தரையில் நடக்கவில்லை. செல்வியிடம், “எதையும் திட்டம் போட்டுச் செய்யணும்” என்று உபதேசம் வேறு.

அடுத்த நாள் புதன்கிழமை. படகுத்துறைப் பக்கம் இளநீர் குடிக்கப் போனோம். அந்த நேரம் பார்த்துப் பயணிகள் கப்பல் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஒரே மாதிரி மஞ்சள் தொப்பி போட்ட கூட்டம் இறங்கியது. யாரோ ஊர்க்காரர்கள் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். பிறகு ஒரு மஞ்சள் தொப்பி, “பாத்து எறங்குங்க, முதல்ல வலது கால வைங்க” என்று கத்தியது. அந்தக் குரல் முதலை பற்றிப் பேசி நான் கேட்டிருக்கிறேன்.

பெரியம்மா வீடு, அத்தை வீடு, தாய்மாமா வீடு, எல்லாரும் இறங்கினார்கள். நண்பருக்காக அத்தனை நாள் விவாதித்ததில் அவர்களுக்கே ஆசை வந்து, சித்தப்பா ஒரு வண்டி பேசி, கப்பல் பேசி, ஆளுக்கொரு தொப்பியும் தைத்துவிட்டார். இந்த ஏற்பாடெல்லாம் நான் அடைத்து வைத்த குழுவில் பகிரங்கமாக நடந்திருக்கிறது.

“அக்கா, குனி” என்று அவளை இழுத்து இளநீர்க் குவியலுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்தேன். இளநீர்க்காரர், “இன்னும் ரெண்டு வெட்டவா சார்?” என்று எங்களை எட்டிப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். அவரும் தமிழர். விதி அப்படி.

“யாரு, சேகரா?” என்று சாவித்திரி சித்தி வந்துவிட்டார். சித்திக்குத் தண்ணீர் என்றால் பயம். கப்பலில் கொடுத்த ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டைக் கரையேறியும் கழற்றவில்லை. தலையில் மஞ்சள் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி.

“பெங்களூர்ல கடல் எப்போடா வந்துச்சி?” என்றார்.

அக்கா மெல்ல எழுந்து நின்றாள். சித்தியின் முகம் மாறிவிட்டது. கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் வந்த கூட்டம் சொல்லி வைத்தது மாதிரி அங்கேயே நின்றது. மாமா போன பிறகு அவர்கள் அக்காவைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. முதல் தடவை பார்க்கும்போது துக்கம் கேட்காமல் பேசக் கூடாது. படகுத்துறை என்றாலும் அதுதான் முறை.

“இன்னைக்கு இன்னா கெழமை?” என்றார் சித்தி, திரும்பாமலே.

“புதன்” என்றார் சித்தப்பா.

“ஆகாத கெழமை இல்ல, துக்கம் கேக்கலாம்” என்று சொல்லிவிட்டு சித்தி அக்காவைக் கட்டிக்கொண்டார்.

கட்டிக்கொள்ள முயன்றார் என்பதுதான் சரி. லைஃப் ஜாக்கெட் நடுவில் தலையணை மாதிரி நின்றது. கை எட்டவில்லை. எட்டாத கையோடு மணலில் உட்கார்ந்து குரலெடுத்தார். மற்ற பெண்கள் சுற்றி உட்கார்ந்து தோளில் கை போட்டுச் சேர்ந்துகொண்டார்கள். மஞ்சள் தொப்பிகள் வட்டமாகக் குலுங்கின.

“எங்கூட்டுக்கு வந்தா சுறாப்புட்டு கேப்பியே ராசா, போதும் போதும்னு சொல்லிகினே மூணாந்தட்டு துன்னுவியே. ஒண்டியா அந்தக் குளிர்ல உன்ன உட்டுட்டோமேடி வசந்தி. ஒருத்தி வந்து உன் கையப் புடிக்கலியே. நாங்க கேட்டோமேடி, அந்த பிரெஞ்சுக்காரன் விசா குடுக்கலியேடி...”

வெள்ளைக்காரர்கள் கூடிவிட்டார்கள். இருவர் இதை உள்ளூர்க் கலைநிகழ்ச்சி என்று நினைத்துப் படமெடுத்தார்கள். சித்தப்பா நாகரிகமாக அவர்களிடம் போய், “திஸ் இஸ் ஃபார் லாஸ்ட் இயர்” என்று விளக்கினார். நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வெட்டிய இளநீரைக் கையில் பிடித்தபடி நின்றேன். அக்கா மட்டும் நடுவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அவள் பயந்தது அப்படியே நடந்துகொண்டிருந்தது. நடத்தி வைத்தவன் நான்.

ஒரு கட்டத்தில் அவள் விலகப் பார்த்தாள். முடியவில்லை. மாமாவின் கம்பளித் துண்டு சித்தியின் லைஃப் ஜாக்கெட் கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள், சித்தியும் சேர்ந்து வந்தார். சித்தி பின்வாங்கினார், அக்கா சித்தியின் மடியில் போய் விழுந்தாள்.

“இருங்கடி, ஆட்டாதீங்க” என்று சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொக்கியை ஆராய வந்தார்.

அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாள் என்று நினைத்தேன். சிரிப்புதான். “அவரு பாத்திருந்தா இன்னா கிண்டல் பண்ணியிருப்பாரு சித்தி” என்றாள். அடுத்த மூச்சில் அது அழுகையாகிவிட்டது. அந்த ஆரஞ்சு ஜாக்கெட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஒரு வருடத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். சித்தப்பா கொக்கியைக் கழற்றிவிட்டு, “ஆச்சும்மா, எடுத்துட்டேன்” என்றார்.

“பரவால்ல சித்தப்பா. இருக்கட்டும்” என்றாள் அக்கா. எழுந்திருக்கவில்லை. நானும் இளநீரோடு நின்று அழுதேன். செல்வி ஓரமாகப் போய் அழுதாள்.

எல்லாம் ஓய்ந்த பிறகு சித்தி மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த முறையை நினைவுபடுத்தினார். “துக்கம் கேட்டுட்டு அப்படியே ரூமுக்குப் போவக்கூடாது. எல்லாரும் தலை முழுவணும்.”

பிறந்ததிலிருந்து கடல் ஓரம் வாழ்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் கடலென்பது சாயங்காலம் போய்ப் பாறைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, சுண்டல் தின்றுவிட்டு வருவதற்கு. அதில் இறங்குகிற வழக்கமே கிடையாது. அன்று மொத்தக் குடும்பமும் புடவையும் வேட்டியுமாகக் கைகோத்துக்கொண்டு இறங்கியது. லைஃப் ஜாக்கெட்டில் சித்தி ஒருவர்தான் மூழ்க முடியாமல் மிதந்துகொண்டே இருந்தார். அவர் தலையில் தண்ணீரை மொண்டு ஊற்றியது அக்கா. கம்பளித் துண்டைக் கரையில் செல்வியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

துக்கம் கேட்டவர்கள் ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது என்பதால், எல்லாரும் ஈரத்தோடு ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போனார்கள். மறுநாள் காலை, அவர்களும் தங்கியிருந்த எங்கள் விடுதியின் சாப்பாட்டு அறையில், “வாம்மா வசந்தி, இட்லி கல்லு மாதிரி கீது, தோசை சொல்லு” என்று வரவேற்றார்கள்.

அத்தோடு அந்தத் தீவின் அமைதி முடிந்தது. கரையில் கபடி, சாப்பாட்டு அறையில் பாட்டுக்குப் பாட்டு, அதிகாலையில் சித்தப்பாவின் உடற்பயிற்சி வகுப்பு. மூன்றாம் நாள் அக்காவிடம் தனியாகப் போய், “மன்னிச்சிருக்கா. அமைதி வேணும்னு கேட்ட, நான் கெடுத்துட்டேன்” என்றேன்.

அவள் காலை வெயிலில் நீட்டி, தலையில் மஞ்சள் தொப்பியோடு உட்கார்ந்திருந்தாள். “அமைதி அங்கயே வேண்டிய மட்டும் இருக்குடா. வெயில்தான் இல்ல” என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வேண்டுமானாலும், ‘ஒரு நண்பர் கேட்கிறார்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஒரு நண்பர் இன்னொரு தோசை கேட்கிறார். ஒரு நண்பர் வண்டிச் சாவி கேட்கிறார். என் தலையைப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட, “பெங்களூர்ல அலை எப்படி மாமா?” என்கிறது. நான் குழுவை அடைத்து வைப்பதை விட்டுவிட்டேன். அக்கா மறுபடி சேர்ந்துகொண்டாள். போன மாதம் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் அவளிடமிருந்து இப்படி ஒரு செய்தி வந்தது:

“ஒரு நண்பர் கேட்கிறார். ஜனவரிக்கு ஒரு தீவு வேணும். வெயில் இருக்கணும். கூட்டமா இருக்கணும்.”

சித்தப்பா உடனே பதில் போட்டார்: “நண்பரின் தொப்பி பத்திரமாக இருக்கிறதா?”