பழைய காதலைச் சேர்த்து வையுங்கள்!

லாரி காலை ஒன்பது மணிக்கே வந்துவிட்டது. அதன் முதுகில் ஏற்றியிருந்த பெரிய திரையில் சிவப்பு எழுத்துகள் விடாமல் ஓடிக்கொண்டிருந்தன.

"எழுத்தாளர் பான் ஹேரான் அவர்களே! பழைய காதலைச் சேர்த்து வையுங்கள்!"

எட்டாவது மாடி பால்கனியில் காலுறைகளைக் காயப்போட வந்த பான் ஹேரான், தன் பெயரை அத்தனை பெரிய எழுத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் எழுதும் தொடரின் போஸ்டரில்கூட அவள் பெயர் கதாநாயகியின் செருப்புக்குக் கீழே பொடியாக இருக்கும்.

டிவி தொடரின் கதை பிடிக்காத ரசிகர்கள் இப்படி வாடகைக்கு லாரி அனுப்புவது சியோலில் சகஜம்தான். ஆனால் அது டிவி நிலைய வாசலில் நிற்கும். புறநகரான இல்சானில், எழுத்தாளர் குடியிருக்கும் அடுக்ககத்தின் வாசலுக்கே வந்து நிற்பது கொஞ்சம் அதிகம்.

வீட்டு இன்டர்காம் அலறியது. அடுக்கக மாதர் சங்கத் தலைவி.

"எண்ணூத்தி நாலு! கீழ நிக்கிற லாரி உங்களுதா?"

"என்னுது இல்லைங்க. என்னைத் திட்டறதுக்கு வந்தது."

"யாரை வேணா திட்டட்டும். பதினோரு மணிக்கு ஆறாவது மாடி வீட்டைப் பார்க்க ஆள் வர்றாங்க. வாசல்ல போராட்டம் நடக்குற இடத்துல யாராவது வீடு வாங்குவாங்களா? வீட்டு விலை விழுந்தா நீங்களா பொறுப்பு?"

"இதோ, போகச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க." தலைவி குரலைத் தாழ்த்தினாள். "அது சரி, அந்தப் பொண்ணு நாய் டாக்டரைத்தானே கட்டிக்கப் போறா? என்கிட்ட மட்டும் சொல்லுங்க. யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

நாடே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. தொடரின் கதாநாயகியை ஏழு வருடத்துக்கு முன் விட்டுவிட்டுப் போன காதலன், கட்டடப் பொறியாளன், திரும்பி வந்துவிட்டான். எதிர்வீட்டில் இருக்கும் நாய் டாக்டரோ அவளுக்காகத் தினமும் கஞ்சி வைக்கிறான். பதினாறு எபிசோடில் பத்து முடிந்திருந்தது. கடைசியில் நாய் டாக்டருக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று டிவி நிலையத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. நாய்த் தீவனக் கம்பெனிதான் விளம்பரதாரர்.

ஹேரானுக்கு இதில் தவறு செய்ய இடமில்லை. அவளுடைய போன தொடரைப் பார்க்க ஆளில்லாமல் பாதியில் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் காலை நிகழ்ச்சிக்கு, முட்டைக்கோஸ் குடலுக்கு எப்படி நல்லது என்று எழுதிக்கொண்டிருந்தாள். இதுவும் கவிழ்ந்தால் மறுபடியும் முட்டைக்கோஸ்தான்.

அவள் கீழே போய் லாரி ஓட்டுநரிடம் கெஞ்சினாள். நல்ல மனிதர். தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"நான் வெறும் வண்டி ஓட்டுறவன்மா. இந்தத் தொடரை நான் பார்த்ததுகூட இல்ல. காலையில போனுக்கு வாசகம் வரும், அதைத் திரையில போடுவேன். அவ்வளவுதான்."

"பின்வாசல் பக்கமாவது நிறுத்துங்களேன், அண்ணே."

நிறுத்தினார். பின்வாசலுக்கு எதிரே பள்ளிக்கூடம். பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்கள் நூறு பேர் படம் எடுத்துப் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் செய்தியாகிவிட்டது. மறுநாள் காலை முன்வாசலில் இன்னொரு லாரி வந்து நின்றது.

"ஏழு வருடம் எங்கே போனான்? கஞ்சி வைத்தவனுக்கே கல்யாணம்! – நாய் டாக்டர் ரசிகர் மன்றம்."

இப்போது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

இயக்குநர் பியோ போன் செய்தார். அவருக்குத் தூக்கம் போய்ப் பத்து நாளாகிறது. பேச்சே கொட்டாவியாகத்தான் வரும்.

"ரைட்டர் மேடம், ரெண்டு பக்கமும் சமாதானமாகுற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

பண்ணினாள். பதினோராவது எபிசோடில் பழைய காதலனுக்கு ஒரு குடைக் காட்சி, நாய் டாக்டருக்கு அவளை முதுகில் சுமந்து போகும் காட்சி. இரண்டு ரசிகர் கூட்டமும் கடிகாரம் வைத்துப் பார்த்தது. குடை நான்கு நிமிடம், முதுகு மூன்றரை. நாய் டாக்டருக்கு இரண்டு லாரிகள் கூடின.

கோபத்தில் ஹேரான், பன்னிரண்டாவது எபிசோடில் பழைய காதலன் மீது ஒரு லாரியையே ஏற்றினாள். சாகவில்லை. ஞாபகம்தான் போயிற்று. யாரைக் காதலித்தோம் என்றே தெரியாதவனுக்காக யார் போராடப் போகிறார்கள் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கிழமை காலை பல் தேய்த்துக்கொண்டே பால்கனிக்கு வந்தவள், பின்வாசல் லாரியின் திரையைப் படித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"ஞாபகம் போனாலும் பரவாயில்லை! அவர் இப்போது ஈரத்துண்டைப் படுக்கையில் போடுவதில்லை!"

தொடரில் ஈரத்துண்டே கிடையாது.

ஈரத்துண்டு இருந்தது ஹேரானின் வாழ்க்கையில். பதினோரு வருடத்துக்கு முன் அவள் விவாகரத்து செய்த கு மான்சிக், குளித்துவிட்டு வந்து துண்டை அவள் தலையணை மேல்தான் போடுவான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவன். அவனிடமிருந்த குறைகளை எல்லாம் கழித்து, மிச்சத்தோடு ஒரு முழ உயரம் சேர்த்துத்தான் தொடரின் பழைய காதலனை அவள் உருவாக்கியிருந்தாள். அது அவளுக்கும் மான்சிக்குக்கும் மட்டுமே புரியக்கூடியது.

போனை எடுத்து அவனுடைய ப்ரொஃபைல் படத்தைப் பார்த்தாள். ஐந்து வருடத்துக்கு முன் அவன் கிம்ச்சி ஊறுகாய்க் கடைக்காரி ஒருத்தியை மணந்துகொண்டான். அன்றிலிருந்து படத்தில் அவள் தோளில் கை போட்டபடி இளித்துக்கொண்டிருப்பான். இப்போது கடைக்காரியைக் காணோம். மான்சிக்கையும் காணோம். ஒரு மலை மட்டும் இருந்தது.

மனைவியைப் பிரிந்த ஆண்பிள்ளை மலையைத்தான் படமாக வைப்பான். இதை ஹேரானே மூன்று தொடர்களில் எழுதியிருக்கிறாள்.

அவள் சமையலறையில் நின்றபடியே சட்டியிலிருந்து ராமியோன் நூடுல்ஸ் சாப்பிட்டாள். பதினோரு வருடமாக அப்படித்தான் சாப்பிடுகிறாள். அன்றைக்கு என்னவோ அழுகை வந்தது. தனக்காக ஒருத்தன் லாரி அனுப்புகிறான். இயந்திரம் விற்கப் போன இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்பட்டவன், ஊரறிய எழுதி அனுப்புகிறான். அவளுக்கு அவன் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

ஆனாலும் எதையும் தீர விசாரிக்க வேண்டும். போன் செய்தால் கௌரவம் என்ன ஆவது? அவளிடம் ஒரு தொடர் இருக்கிறதே.

பதின்மூன்றாவது எபிசோடில் கதாநாயகி, ஞாபகம் திரும்பிய பழைய காதலனிடம், கண்ணில் நீர் ததும்பக் கேட்டாள்: "நீ இப்பவும் சாப்பிட்டுட்டு நாலு பேர் முன்னாடி பல்லைக் குத்திக்கிட்டே பேசுறியா?"

பழைய காதலனாக நடித்தவர் பியோவிடம் வந்து முறையிட்டாராம். பியோ ஹேரானிடம் கேட்டார்.

"என்ன மேடம் இது? அவன் பிரான்ஸ்ல படிச்சவன்!"

"பிரான்ஸ்லயும் பல் இருக்கும். எடுங்க."

வியாழக்கிழமை காலை லாரி பதில் சொன்னது.

"இல்லை! பல் குத்துவதை நிறுத்திவிட்டார்! சத்தியம்!"

தன்னைப் பற்றித் தானே பேசக் கூச்சப்பட்டு 'அவர்' என்று எழுதுகிறான் என்று ஹேரான் உருகினாள். மத்தியானம் மூன்று மணிக்குப் புது வசனம் ஒன்றை பியோவுக்கு அனுப்பினாள். அன்றைக்கு ராத்திரியே அது ஒளிபரப்பாக வேண்டும்.

"மேடம், நான் என்ன நடு ரோட்டுலயா படுத்துக்கிறது? இன்னும் ஆறு மணி நேரத்துல எபிசோட்!"

"ஒரே ஒரு வரிதான். எடுங்க."

பதினான்காவது எபிசோடின் கடைசிக் காட்சி. ஹான் நதிக்கரை, காற்று, பியானோ. கதாநாயகி கேட்டாள்: "உங்க அம்மா இன்னும் நம்ம கூடத்தான் இருப்பாங்களா?"

தொடரில் அந்தப் பழைய காதலன் ஓர் அனாதை. இணையத்தில் நாலாயிரம் பேர் அது என்ன குறியீடு என்று விவாதித்தார்கள். ஒரு பேராசிரியர், கொரியச் சமூகமே ஒரு மாமியார்தான் என்று கட்டுரை எழுதினார்.

வெள்ளிக்கிழமை லாரி எழுதியது: "அம்மா மூத்த மகன் வீட்டுக்குப் போய்விட்டார்! இனி திரும்பி வரமாட்டார்!"

ஹேரான் பால்கனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாமியார் அவளை வதைத்த வதைக்கு, இந்த ஒரு வரிக்காகவே இரண்டு முறை கல்யாணம் செய்துகொள்ளலாம்.

பியோவுக்குப் போன் போட்டாள். "முடிவை மாத்திட்டேன். பழைய காதல்தான் சேருது. நாய் டாக்டரை மேல்படிப்புக்கு அமெரிக்கா அனுப்பிடறோம்."

கொட்டாவி பாதியில் நின்றது. "மேடம்... கல்யாண மண்டபம் பேசியாச்சு. இருபது நாய்க்குக் கோட்டு தைச்சாச்சு!"

"நாயெல்லாம் அவனை ஏர்போர்ட்ல வழியனுப்பட்டும்."

"தீவனக் கம்பெனி என்னை உயிரோட விடமாட்டாங்க. உங்களுக்கு இதுக்கு மேல எழுத வேலையே கிடைக்காது. தெரியுதா?"

தெரிந்தது. முட்டைக்கோஸ் கண்முன்னால் வந்து போயிற்று. ஆனால் ஐம்பத்தொரு வயதில், நின்றுகொண்டே ராமியோன் சாப்பிடும் ஒருத்திக்கு இன்னொரு லாரி வருமா?

"தெரியுது. எடுங்க."

விஷயம் எப்படியோ கசிந்தது. நாய் டாக்டராக நடித்தவர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு, அதைப் படமும் எடுத்துப் போட்டார். முன்வாசலில் லாரிகள் ஆறாயின. ரசிகர் மன்றத்தார் சொந்த நாய்களையே கூட்டி வந்துவிட்டார்கள். ஆறாவது மாடி வீட்டைப் பார்க்க வந்தவர்கள் லிஃப்ட் வரைகூட வரவில்லை. தலைவி அரை மணிக்கொரு தரம் இன்டர்காமில் அழுதாள்.

ஹேரான் காதில் எதுவும் ஏறவில்லை. கடைசி எபிசோடின் கடைசிப் பக்கத்தை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பிவிட்டு, சலூனுக்குப் போய் முடியைச் சுருட்டிக்கொண்டாள். விருது விழாவுக்கென்று எட்டு வருடமாகப் பத்திரப்படுத்திய கோட்டை எடுத்து மாட்டினாள். உதட்டுச் சாயம் பூசினாள். வழித்துவிட்டு மறுபடியும் பூசினாள்.

லிஃப்டில் தலைவி எதிர்ப்பட்டாள். மேலும் கீழும் பார்த்தாள்.

"எண்ணூத்தி நாலு... வீடு பத்தி எரியுது, இவ்வளவு ஜோரா எங்க கிளம்பிட்டீங்க?"

"பதில் சொல்லப் போறேன்," என்றாள் ஹேரான். சொல்லும்போதே முகம் சிவந்தது.

பின்வாசலில் ஓட்டுநர் லாரிப் படியில் உட்கார்ந்து கிம்பாப் சோற்றுச் சுருள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் எழுந்தார்.

"அண்ணே, உங்களை அனுப்புறவர்கிட்ட ஒரு சேதி சொல்லணும்."

"சொல்லுங்கம்மா."

"சேர்த்து வெச்சுட்டேன்னு சொல்லுங்க. இன்னிக்கு ராத்திரி டிவியில பார்ப்பாரு." செருமிக்கொண்டாள். "அதுக்கப்புறமும் லாரியே தூது போக வேணாம். பழசையெல்லாம் நான் மறந்துட்டேன். அவரையே நேர்ல வரச் சொல்லுங்க."

ஓட்டுநர் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அவராங்க? எனக்கு வாசகம் அனுப்புறது கிம்ச்சிக் கடை வெச்சிருக்கிற ஒரு அம்மாங்க. வீட்டுக்காரரோட துணிமணியெல்லாம் பெட்டி கட்டி வாசல்ல வெச்சாச்சாம். எபிசோட் முடிஞ்சதும் இந்தத் திரையைக் கழட்டிட்டு, அவரையும் பெட்டியையும் இதே லாரியில ஏத்திக்கொண்டாந்து உங்க வீட்டுல இறக்கிடலாமான்னு கேட்டுட்டு வரச் சொன்னாங்க."