கதிரையர் குந்திய மூலை

தீவகம் முழுக்கத் தேடினாலும் கதிரையரைப் போல எரிச்சல் மூட்டும் இன்னொரு மனிதர் கிடைக்கமாட்டார். கிடைத்தால் தயவுசெய்து எனக்கு அறிவிக்கவேண்டாம். ஒருவரே போதும்.

எங்கள் ஊர் இளைஞர் கழகத்துக்கு நான் செயலாளர். வயது நாற்பத்திரண்டு. வேறு ஒருவரும் அந்தப் பதவிக்கு வரவில்லை, அவ்வளவுதான். மாரிக்கு முன் குளத்தைத் தூர்வார ஞாயிறுதோறும் சிரமதானம் வைத்தோம். குளம் நிரம்பாவிட்டால் பங்குனியில் கிணறுகள் உவர்த்துப்போகும். பிறகு தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கு வாளியோடு காத்து நிற்கவேண்டும். பெரியவர்களும் வாருங்கள் என்று நோட்டீசில் போட்டது என் பிழை.

சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தலையில் கவிழ்த்தபடி அவர் வந்தார். வயது எழுபத்தாறு, பிள்ளைகள் கனடாவில், வீட்டில் தனி ஆள். குளக்கட்டின் வடக்கு மூலையில் கதிரையைப் போட்டுக் குந்தினார். மண்வெட்டியைத் தொடவில்லை. வாயைத்தான் திறந்தார்.

"என்ன பிள்ளை, மண்வெட்டியை அகப்பை மாதிரிப் பிடிச்சிருக்கிறாய்? பாயாசமே வாக்கப்போறாய்?"

ஏச்சு வாங்கியது தர்சினி. ஏ.எல். படிக்கிறாள். வாய் அவளுக்கும் நீளம்.

"எழும்பி வாங்கோ அப்பு, உங்களுக்கும் ஒரு அகப்பை தாறன்."

"எனக்கு முழங்கால் ஏலாது."

"வாய் மட்டும் ஏலுமோ?"

குளமே சிரித்தது. அடுத்த ஞாயிறு, போனைக் கீழே வைக்காத பெடியள் எல்லாம் இந்தச் சண்டையைப் பார்க்கவென்றே வந்தார்கள். வந்தவர்களின் கையில் நான் கூடையைத் திணித்தேன். சண்டை பிடித்ததில் கதிரையருக்குப் பிரஷர்கூட இறங்கிவிட்டதாம். எனக்குத்தான் ஏறியது. மண் கொட்டக் கிட்டவாக உள்ள இடம் அவர் இருந்த மூலை. அவரோ அசையவேமாட்டார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி இருங்கோவன்."

"நீர் செயலாளர் எண்டால் குளத்துக்கு. என்ரை கதிரைக்கு இல்லை."

ஐந்து வாரம் அந்த மனிதரைச் சுற்றிக்கொண்டு தூரத்து வெளிக்கு மண் சுமந்தோம். ஆறாவது ஞாயிறு நான் அறிவித்தேன்: "இண்டையோட வேலை முடிஞ்சுது. அடுத்த கிழமை ஒருத்தரும் வரத் தேவையில்லை."

கதிரையர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு தானே எழும்பிக் கதிரையைத் தூக்கினார். "கடைசி மண்ணை இதிலயே கொட்டுங்கோ."

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்தேன். முட்டாள் நான். மலைபோலக் கொட்டுவித்தேன்.

மூன்றாம் நாள் மழை அடித்து ஊற்றியது. குளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். என் வீட்டு வளவில் முழங்கால் அளவு. கோழிகள் கக்கூஸ் கூரையில் நின்றன. குளத்துக்கு வெள்ளம் வரும் வாய்க்கால் அந்த வடக்கு மூலையில்தான் இருந்திருக்கிறது. போரில் சிறுவயதில் இடம்பெயர்ந்து திரும்பிய எங்களுக்கு அது தெரியாது. புல் மூடிக் கிடந்தது. பழைய ஆள் அவருக்குத் தெரியும்; அதனால்தான் அசையாமல் அதில் குந்தியிருந்தார்.

மழைக்குள் அவர் வீட்டுக்கு ஓடினேன். தர்சினியும் பெடியளும் பின்னால் வந்தார்கள்.

"தெரிஞ்சுகொண்டுதானே கொட்டச் சொன்னனீங்கள்? உங்களுக்கு மண்டையில என்ன கிடக்கு?"

தர்சினி முன்னால் வந்தாள். "ஏன் அப்பு?"

அவர் கதிரையின் கையைத் தடவினார். "கொட்டினால் பிறகு அள்ளவேணும். அள்ளுறதுக்கு எல்லாரும் திரும்ப வருவியள் எண்டு நினைச்சன், பிள்ளை. மழை இவ்வளவு கெதியா வரும் எண்டு நினைக்கேல்லை."

நான் ஏச்சை விட்டுவிட்டு மண்வெட்டி தேடினேன்.

"வெளிக்கிடுங்கோ அப்பு," என்றாள் தர்சினி. "கதிரை வேண்டாம்."

கொட்டும் மழையில் எல்லோரும் வாய்க்காலை வெட்டினோம். முழங்கால் ஏலாத மனிதர் சேற்றில் முழங்காலிட்டுக் கையாலேயே மண்ணை வழித்தார். அப்போதும் வாய் ஓயவில்லை. பின்னேரம் தண்ணீர் திரும்பிக் குளத்துக்குள் பாய்ந்தது. இந்தப் பங்குனியில் எங்கள் தெருவில் பவுசர் நிற்கவில்லை.

வடக்கு மூலையில் இன்னும் ஒரு மண் குவியல் கிடக்கிறது. ஒரு மணித்தியாலத்தில் அள்ளிவிடலாம். ஒவ்வொரு ஞாயிறும் நாலு கூடைக்கு மேல் அள்ள நான் யாரையும் விடுவதில்லை.