மேசைக்கு வந்த இதய நோய்

மாடிப்படியில் கால் வைக்க இடமில்லை. ‘உயிர்நீர் ஐயா’ நோயை நுரையாக வெளியே எடுக்கிறாராம். டாக்டர்கள் தலையால் தண்ணீர் குடித்துப் படித்தும் வராத வித்தை, ஐயாவுக்கு ஒரே கனவில் வந்துவிட்டது.

வேதியியல் ஆசிரியை கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் அக்காவிடம் போனாள். அக்காவுக்கு இதயம் பலவீனம். போன வாரம்தான் ஐயாவின் பேச்சைக் கேட்டு மாத்திரைகளை அவர் வாளியில் கொட்டியிருந்தாள். இப்போது மூச்சு வாங்கியது. கால் வீங்கியிருந்தது.

“அக்கா, எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“சும்மா இருடி. வியாதி இறங்குறப்ப இப்படித்தான் இருக்குமாம்.”

ஐயா அக்காவின் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கட்டியை வைத்தார். மேலே நாலு சொட்டு உயிர்நீர். புஸ்ஸென்று நுரைத்தது. கூட்டம் வாயைப் பிளந்தது.

“பாத்தீங்களா, நோய் எப்படிப் பொங்குது! இது உயிருள்ள தண்ணி. மனுஷனால செய்ய முடியாது.”

தங்கை இன்னொரு கட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். “இதுல ஊத்துங்க.”

“மேசைக்கு எதுக்கும்மா?”

“அதுக்கும் உடம்பு சரியில்ல போல. ஆடுது பாருங்க.”

கூட்டம் சிரித்தது. ஐயா தயங்கினார். முன்வரிசையில் இருந்த கொத்தனார் பொறுமையிழந்து, பாட்டிலைப் பிடுங்கி ஊற்றினார். புஸ்! அக்காவைவிட மேசைக்கு நோய் முற்றிவிட்டிருந்தது.

“அது... மரத்துலயும் உயிர் இருந்துச்சுல்ல,” என்று ஐயா சமாளித்தார்.

தங்கை ஓர் எவர்சில்வர் தட்டில் கட்டியை வைத்து, வரும் வழியில் மளிகைக் கடையில் வாங்கிய வினிகரை ஊற்றினாள். அதே நுரை.

“கட்டி சுண்ணாம்புக்கல். தண்ணி வினிகர், அதாவது அசிட்டிக் அமிலம். சேர்ந்தா வாயு வரும், அவ்வளவுதான். இந்த மாதிரிப் பொருள் உண்டாக உயிர்ச்சக்தி வேணும்னு ஒரு காலத்துல படிச்சவங்களே நம்பினாங்க. பத்தொன்பதாம் நூற்றாண்டுல கோல்பேன்னு ஒரு வேதியியலாளர், கரியில ஆரம்பிச்சு இந்த அமிலத்தையே செஞ்சு காட்டிட்டார். கரிக்கு ஏது உயிர்?”

ஐயா பின்வாசலுக்கு நழுவினார். கொத்தனார் அங்கே நின்றிருந்தார்.

அக்கா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

“வினிகர்தான்டி.” கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “என்னைப் பிடிச்சுக்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

படி இறங்கும்போது ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மேடம், அவரோடதைவிட உங்க தண்ணி நல்லா நுரைக்குதே! உங்களை எங்க வந்து பாக்கணும்?”

ஐயாவைப் போலீசிடம் ஒப்படைத்துவிடலாம். இவரை யாரிடம் ஒப்படைப்பது? மேசையிலும் தட்டிலும் வந்த நுரையைப் பார்த்தாயிற்று. கழுத்துக்கு மேலே இருப்பதையும் கொஞ்சம் உபயோகித்துப் பாருங்கள், அன்பரே. அது நுரைக்காது, பயப்படாதீர்கள்.