நூத்துக்கு நூறும் ஒரு மீனும்

ஆடி பதினொன்று, திங்கட்கிழமை, காலை மணி பத்தேகால். கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. பாம்பன் முதல் கீழக்கரை வரை தோல்வியையே பார்த்திராத ஒரே மனிதர் அன்றுதான் அதைப் பார்த்தார்.

அவர் எங்கள் ஊர் அரசு நடுநிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பெயர் ஏதோ ஒன்று இருந்தது. ஊருக்கு அவர் 'நூத்துக்கு நூறு'. ஒரு பையன் வரவில்லையென்றால் மொபெட்டில் கடற்கரைக்கே போய், வலை பிரித்துக்கொண்டிருப்பவனைப் பின்னால் ஏற்றிவந்து வருகையைச் சரிசெய்வார். துட்டி வீட்டிலும் பந்தலை ஒரு நோட்டம் விட்டு, "சொந்தக்காரவுக எல்லாம் வந்தாச்சா? நூத்துக்கு நூறா?" என்பார். "ஒருத்தர் குறையுறார் சார்" என்று ஒருமுறை பிணத்தைக் காட்டினேன்.

அன்று வாசிப்புத் திறன் சோதனை. பள்ளி தேறவில்லையென்றால் அவருக்கு இடமாற்றம் என்று மேலிடம் முன்பே சொல்லியிருந்தது. பள்ளிக் குழு உறுப்பினன் என்ற பாவத்துக்காக நானும் கடைசி பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தேன்.

சென்னையிலிருந்து வந்த அதிகாரி டேப்லெட்டில் ஒரு படம் காட்டினார். "இது என்ன?"

ஒரு சிறுமி எழுந்தாள். "நகரை சார்."

"இல்ல சார், பாறை. அவளுக்குக் கண்ணு தெரியல!"

"ஏலே, யாருக்குக் கண்ணு தெரியல? எங்க அய்யா தினம் பிடிச்சிட்டு வாராரு!"

வகுப்பு இரண்டானது. நகரைக்குப் பதின்மூன்று பேர், பாறைக்கு ஒன்பது. இரண்டுமே மீன் வகைதான்; டேப்லெட் எதிர்பார்த்த வெறும் 'மீன்' என்ற விடைக்கு ஒருவரும் இல்லை. முதல் கேள்வியிலேயே வகுப்பு தவறினால் அடுத்ததைக் கேட்க வேண்டாம் என்பது விதி. இப்படி ஒரு விதியை எழுதியவர் கருவாடுகூடப் பார்த்திருக்கமாட்டார்.

"மீன்னு சொல்லத் தெரியாதாம்மா?"

"மீன்னு தெரியுது சார். என்ன மீனுன்னுதானே கேக்குறீக?"

நூத்துக்கு நூறு பாய்ந்து வந்தார். "மீனுக்குப் பேரு வேணாமா சார்? நீங்க வந்தப்ப 'மனுசன் வாரான்'னா சொன்னோம்? 'ஆபீசர் வாராரு'ன்னுதானே சொன்னோம்!"

அதிகாரி நல்லவர். குரலைத் தாழ்த்தினார். "மிஷின் ஒத்துக்காது சார். இன்னொரு தடவை கேக்கறேன். மீன்னு சொல்லச் சொல்லுங்க, பாஸ் போட்டுடறேன்."

அரை மதிப்பெண்ணுக்காக அரை நாள் வாதாடும் மனிதர். தலையாட்டிவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் அந்தச் சிறுமியைப் பார்த்தார். அவள் அழும் நிலையில் இருந்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லு தாயி. என்னது?"

"நகரைதான் சார்."

"அப்ப நகரைதான் சார். தப்புன்னே போட்டுக்கங்க."

பாறைக் கட்சி போட்ட கூச்சலில் காற்றுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இடமாற்றம் வந்து, இப்போது அவர் சிக்கல் என்ற ஊரையும் தாண்டி, கடலே இல்லாத ஓர் ஊரில் பள்ளி நடத்துகிறார். பேச்சில் துளி மாற்றமில்லை. இரண்டு மணி நேரம் கேட்டால் தலைவலி நிச்சயம். இதுவரை ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்த்துவர எனக்கு ஆன பஸ் செலவு ஐந்நூற்று எழுபத்தாறு ரூபாய்.